மூன்றாவது வாக்கியம்

என்னிடம் ஆங்கிலம் படித்த பெண்கள் சிலர், "மிஸ், அந்த ஆஸ்பத்திரி நாட்களைப் பத்தி எழுதுங்க, எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று கேட்டார்கள். அவர்கள் எல்லோரும் நர்ஸுகள், கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள். இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்களுக்காக மட்டும் இல்லை. வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் வந்தால் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அவரிடம் மட்டும் மறைப்பது நம் குடும்பங்களில் வழக்கம். அந்த வழக்கத்தை என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தவர்கள் இருக்க மாட்டார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் கீழவீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்பக்கத்துப் பெரிய அறையை நடுவில் பிளைவுட் தட்டி வைத்து இரண்டாக்கியிருந்தோம். ஒரு பாதியில் என் கணவர் ராஜவேலுவின் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் கடை. மறுபாதியில் என் வகுப்பு. வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸுகள் ஒரு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அதில் பேச்சுத் தேர்வும் உண்டு. மாணவி நர்ஸாகப் பேசுவாள், எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவாகவோ நடிப்பார். ஆறுதல் சொல்லத் தெரிகிறதா என்று பார்த்து அதற்கும் மார்க் போடுவார்கள். இரக்கத்துக்கு மார்க்கா என்று சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் பாதி நாள் அடுப்பு எரிந்தது அந்த மார்க்கினால்தான்.

நம்மிடம் "ஐயோ பாவம்" என்று ஒன்று இருக்கிறது. காலில் முள் குத்தியவரிலிருந்து பிள்ளையைப் பறிகொடுத்தவர் வரை அதை வைத்தே சமாளித்துவிடுவோம். ஆங்கிலத்தில் அப்படி நடக்காது. "ஐ பிட்டி யூ" என்று நோயாளியிடம் சொன்னால், நான் நன்றாக இருக்கிறேன், நீ கீழே கிடக்கிறாய் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். "புவர் திங்" என்பது மழையில் நனைந்த நாய்க்குட்டிக்கு. "வாட் எ பிட்டி" என்பது கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு. ஸிம்பதி, எம்பதி, கம்பேஷன் என்று மூன்று சொற்களைப் போர்டில் எழுதி, தூரத்தில் இருந்து வருத்தப்படுவது, அவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது, வருத்தத்தோடு நிற்காமல் ஏதாவது செய்வது என்று பிரித்துக் காட்டுவேன். பெண்கள் தலையாட்டுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து எல்லாவற்றையும் குழப்பிவிடுவார்கள்.

அதனால் நானே சுலபமாக ஒரு வழி செய்துவைத்திருந்தேன். மூன்று வாக்கியங்கள், மூன்று படி. ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பவரிடம் "ஐ கேன் ஸீ யூ ஆர் வொரீட்", உங்கள் கவலை எனக்குத் தெரிகிறது. பெரிய நோய் என்று தெரிந்து வைத்தியம் ஆரம்பித்தவரிடம் "திஸ் மஸ்ட் பி வெரி ஹார்ட் ஃபார் யூ", உங்களுக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருக்கும். இனி செய்ய ஒன்றுமில்லை என்ற நிலையில் மட்டும் "ஐ ஆம் ஸோ ஸாரி". இந்த மூன்றாவதை நின்றுகொண்டு சொல்லக்கூடாது, உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். முந்திரிக்கொட்டை மாதிரி முதலிலேயே மூன்றாவதைச் சொல்லிவிடும் பெண்களை நான் வறுத்தெடுப்பேன். "வைத்தியம் ஆரம்பிக்கலை, அதுக்குள்ள ஆளை அனுப்பிட்டியே?" என்பேன்.

நோயாளியின் மனைவி வேஷம் எப்போதும் எனக்குத்தான். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சுவேன். பெண்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்கள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துவிட்டு "குட், நெக்ஸ்ட்" என்பேன். அந்த "நெக்ஸ்ட்" காதில் விழுந்த பிறகுதான் தட்டிக்கு அந்தப் பக்கம் மிக்ஸி உறுமும். அதுவரை என் கணவர் எந்த மோட்டாரையும் ஓட்டிப் பார்க்க மாட்டார். சத்தமில்லாமல் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருப்பார். நான் கேட்டு அவர் செய்ததில்லை. கல்யாணமான புதிதில் வகுப்பு ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தான்.

அவருக்கு முதலில் வந்தது அரிப்பு. பிறகு கண் மஞ்சளாயிற்று. மஞ்சள் காமாலை என்றதும் ஊரே வைத்தியராகிவிட்டது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். மஞ்சள் இறங்கவில்லை. சட்டை தொளதொளவென்று ஆனது. சிதம்பரத்தில் ஸ்கேன் எடுத்த இடத்தில், பித்தம் போகிற குழாய் வீங்கியிருக்கிறது, கடலூருக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள்.

கடலூரில் என் தம்பி சிவா இருக்கிறான். கோர்ட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை. அவன்தான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுவைத்தான். போய் உட்கார்ந்தோம். காத்திருக்கும் அறைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, மடியில் இருக்கும் ஸ்கேன் கவரைத்தான் பார்க்கிறார்கள். கவர் பெரிதாக இருந்தால் நோயும் பெரிது என்று ஒரு கணக்கு. எங்கள் கவர் சிறியதாக இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசு, இந்த ஃபேனுக்கு கண்டென்சர் வீக்கா இருக்குது. அதான் இப்படி இழுத்து இழுத்து சுத்துது."

"நீங்க பேஷண்டா வந்திருக்கீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

என் பெயர் வாசுகி. அவர் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கல்யாணப் பத்திரிகையைப் படித்துப் பார்த்த அன்று மட்டும்தான்.

அட்மிஷன் போட்ட வார்டில் நர்ஸாக இருந்தவள் தேன்மொழி. என்னிடம் படித்து, தேர்வும் பாஸாகி, விசாவுக்காகக் காத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் "மிஸ்! அண்ணனுக்கு என்னாச்சு?" என்று ஓடிவந்தாள். மறுநாள் சி.டி. ஸ்கேன். ரிசல்ட் வரும்வரை நான் நகத்தைக் கடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றேன். தேன்மொழி என் தோளைத் தொட்டு, வகுப்பில் சொல்வதுபோலவே, "ஐ கேன் ஸீ யூ ஆர் வொரீட், மிஸ்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வொரீட்"டில் உதட்டைச் சரியாகக் குவித்திருந்தாள். அந்த நிலையிலும் நான் அதைக் கவனித்தேன் பாருங்கள்.

டாக்டர் தன் அறைக்கு என்னையும் சிவாவையும் மட்டும் கூப்பிட்டார். ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. கல்லீரலில் இருந்து பித்தம் வரும் குழாய் அதன் தலைப்பகுதி வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. அந்த இடத்தில் ஒரு கட்டி. அது குழாயை நெரிப்பதால்தான் மஞ்சள். நாங்கள் கீழாநெல்லி கொடுத்துக்கொண்டிருந்தது கேன்சருக்கு. கட்டி மட்டும் என்றால் வெட்டி எடுக்கலாம். ஆனால் கல்லீரலிலும் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது, அதனால் ஆபரேஷன் கிடையாது. வாய் வழியாக டியூப் விட்டு, அடைத்த குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சின்னக் குழலை வைத்தால் மஞ்சள் இறங்கும். பிறகு ஊசிமூலம் சதையைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு கீமோ. "நாட்களைக் கொஞ்சம் நீட்டலாம்மா" என்றார். அவர் நல்ல மனிதர். நான் ஆங்கிலம் கற்பிக்கிறவள் என்று தெரிந்ததும் பாதியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறினார்.

அந்த மாற்றம்தான் எனக்கு யோசனையைக் கொடுத்தது. வெளியே வந்து தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு சிவாவிடம் சொன்னேன்.

"உங்க மாமாவுக்குத் தெரியக்கூடாதுடா. தெரிஞ்சா மனசு விட்டுடுவாரு. அவரு முன்னாடி யாரு எது பேசினாலும் இங்கிலீஷ்ல பேசணும்."

"எனக்கு இங்கிலீஷு வராதேக்கா?"

"வர்ற மட்டும் பேசு. வராட்டி வாயை மூடிக்க."

தேன்மொழியிடமும் சொல்லிவைத்தேன். அவரிடம் போய், "குழாயில அடைப்பாம். ஒரு டியூப் வெச்சா சரியாப்போயிடுமாம்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் "அவ்ளோதானே? மோட்டாருல கார்பன் பிரஷ் மாத்தற மாதிரி" என்று சிரித்தார். அன்று சாயங்காலம் டிரிப்ஸ் மாற்ற வந்த தேன்மொழி, அவர் பக்கம் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "திஸ் மஸ்ட் பி வெரி ஹார்ட் ஃபார் யூ" என்றாள். சரியான இடத்தில் சரியான வாக்கியம். நானும் வகுப்பில் சொல்வதுபோல் "தேங்க் யூ சிஸ்டர்" என்றேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பல மாதங்கள் அப்படியே ஓடின. ஸ்டென்ட் வைத்து மஞ்சள் இறங்கியது. கீமோவுக்கு "சத்து ஊசி" என்று பெயர் வைத்தேன். முடி கொட்டியபோது "சத்து ஜாஸ்தியாப் போச்சு போல" என்றார். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பஸ்ஸில் போய் வந்தோம், ஜன்னலோரத்தில் அவர், கையில் பாலிதீன் பையோடு நான். பில்களைப் பற்றி எழுதப் போவதில்லை. என் வளையல் போயிற்று, அவர் ஒருநாள் என் கையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

மனிதர்கள் நல்லவர்களாக இருந்தார்கள். புவனகிரியில் இருக்கும் என் நாத்தனார், அவருக்கு அக்கா, வயிற்று நோய் தீர்க்கிற சாமி என்று திருவதிகைக்குப் போய் விபூதி வாங்கிவந்து தம்பியின் வயிற்றில் பூசிவிட்டுப் போனாள். அவளுக்கும் விஷயம் தெரியும். பூசும்போது முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். சிவா கடலூர்க் கடையில் புது கண்டென்சர் வாங்கி, ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனைக் கெஞ்சி, கட்டிலுக்கு மேல் அதேபோல் இழுத்து இழுத்துச் சுற்றிய ஃபேனில் மாட்ட வைத்தான். "மாமா, நவ் ஃபேன் ஸ்பீடு, வெரி குட்" என்றான் பயத்தில். "ஏன் மச்சான், ஃபேனைப் பத்திகூட தமிழ்ல சொல்லக்கூடாதா?" என்று அவர் கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் கேள்விக்குள் வேறொன்று இருந்ததை நான் கவனிக்கவில்லை.

இரவுகள்தான் மோசம். பகலில் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. இரவில் நோய்க்கு மட்டும்தான் வேலை. முதுகு வலிக்கிறது என்று புரண்டு புரண்டு படுப்பார். கணையத்து வலி முதுகில்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "வெயிட்டு தூக்கித் தூக்கி வந்த வலிங்க" என்று நான் தடவிக்கொடுப்பேன். அவர் "ம்" என்பார். ஒருநாளும் தனக்கு என்ன நோய் என்று அவர் கேட்கவே இல்லை. என் திட்டம் பலித்துவிட்டது என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒருநாள் குளிர் ஜுரம் வந்து தூக்கிப்போட்டது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மறுபடியும் கடலூர், அதே வார்டு. ஜுரம் இறங்கியது. ஆனால் உடம்பு எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு சிவாவை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். போன சிவா திரும்பி வரவே இல்லை. படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டு, அக்காகிட்ட என்னால சொல்ல முடியாது, நீங்க சொல்லுங்க என்று தேன்மொழியிடம் கெஞ்சியிருக்கிறான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தேன்மொழி வந்தாள். டிரிப்ஸைப் பார்க்கவில்லை, பிரஷர் பார்க்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"மிஸ், ஐ ஆம் ஸோ ஸாரி."

சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தாள்.

"மூணாவது வந்துடுச்சா, தேனு?"

கட்டிலிலிருந்து அவர்தான் கேட்டார். கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அண்ணா..."

"ஒக்காரும்மா. நீ கரெக்டாத்தான் சொன்னே. அவசரப்படாம சொன்னே. உங்க மிஸ்ஸு மார்க் போடுவாங்க."

"உங்களுக்கு எப்படிங்க..." என்று ஆரம்பித்தேன்.

"எத்தினி வருஷமா தட்டிக்கு அந்தாண்ட ஒக்காந்து காயில் சுத்தறேன், வாசு? டாக்டரு பேசற இங்கிலீஷு எனக்கு ஒரு எழவும் புரியாது. இந்த மூணு மட்டும் தூக்கத்துல கேட்டாலும் புரியும். அன்னிக்கு ஸ்கேன் பார்த்துட்டு சிரிச்சிக்கினே வந்தே. சாயங்காலம் இந்தப் பொண்ணு ரெண்டாவதைச் சொல்லுச்சு. அப்பவே தெரிஞ்சிக்கினேன்."

"அப்பவேவா? ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"நீ அம்மாம் பாடுபட்டு மறைக்கிறே. மச்சான் வேற இங்கிலீஷு வராம முழி பிதுங்கறான். எனக்குத் தெரியும்னு சொன்னா நீ ஒடஞ்சிபோயிடுவே. தெரியாதுன்னு இருந்ததாலதான் எங்கிட்ட வர்றப்பல்லாம் சிரிச்சே. அந்த சிரிப்பு இருக்கட்டுமேன்னு வுட்டுட்டேன்."

நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அத்தனை மாதமும் அந்த மனிதர் பக்கத்தில் நான் இருந்தும் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். இரவில் முதுகைத் தடவிக்கொண்டே நான் பொய் சொன்னபோது அதற்கும் "ம்" என்று சொல்லியிருக்கிறார். பயமாக இருக்கிறது வாசு என்று ஒரு வார்த்தை சொல்ல நான் அவருக்கு வழி விடவில்லை.

கட்டில் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். வகுப்பில் நடிக்கும் அழுகைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் டிரிப்ஸ் ஏறாத கையை என் தலைமேல் வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"திஸ் மஸ்ட்டு பி வெரி ஆர்டு ஃபார் யூ," என்றார்.

சொல்லிவிட்டு, தேன்மொழி மாதிரியே, பேசாமல் இருந்தார். நான் அழுது முடிக்கும்வரை கையை எடுக்கவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, குனிந்திருந்த என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "குட், நெக்ஸ்ட்" என்றார். சிரித்துவிட்டேன். சாகப்போகிற புருஷனின் கட்டிலோரம் மூக்கு ஒழுகச் சிரித்தேன்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். உண்மையைப் பேச எங்களுக்குக் கொஞ்ச நாட்கள் கிடைத்தன. செத்துப்போவதைவிட வலிதான் தனக்கு பயம் என்றார். ரசத்தின் வாசனைகூடக் குமட்டுகிறது, நீ வருத்தப்படுவாயே என்று சொல்லாமல் இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன் என்றார். பிறகு நான் கஞ்சி மட்டும் வைத்தேன். இதையெல்லாம் முதல் நாளே கேட்டிருக்கலாம். தட்டிக்கு அந்தப் பக்கம் கட்டிலைப் போடச் சொன்னார், கடையின் எண்ணெய் வாசனை மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடித்திருந்தது. ஒரு விடியற்காலையில், அந்தக் கட்டிலிலேயே, போய்விட்டார்.

தேன்மொழி டியூட்டியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இங்கிலீஷும் பேசவில்லை, தமிழும் பேசவில்லை. சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம். எழுந்து, என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். போன மாதம் அவளுக்கு விசா வந்துவிட்டது.

அதனால் சொல்கிறேன், மறைக்காதீர்கள். கேட்கிறாரோ இல்லையோ, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். அழுவதானால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதுகொள்ளலாம். எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான்.

நேற்று மறுபடி வகுப்பை ஆரம்பித்தேன். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வரும் புதுப் பெண் ஒருத்தி, என் கதை எதுவும் தெரியாதவள், நர்ஸாகப் பேச வந்தாள். மனைவி வேஷத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். பிறகு நானே உட்கார்ந்தேன். அவள் முதல் வாக்கியத்தைச் சொன்னாள், இரண்டாவதைச் சொன்னாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூன்றாவதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, சரியாக, வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

மற்ற பெண்கள் எல்லோரும் என் "குட், நெக்ஸ்ட்"டுக்காகக் காத்திருந்தார்கள். வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருப்பேன். சொன்னால் தட்டிக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓட வேண்டும்.

"தப்பா சொல்லிட்டேனா மிஸ்?" என்று அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டாள்.

"இல்லம்மா. சரியாத்தான் சொன்னே. கொஞ்ச நேரம் இப்படியே இரு."